கல்லூரி கைவிட்டாலும் கடன் விடாது

பொறியியல் படித்துப் பட்டம் பெற்றும் படிப்புக்கேற்ற வேலை அமையாத இளைஞரின் வீட்டுக்குக் கல்விக் கடனின் முதல் தவணை அறிவிப்பு வரும்போது, நல்ல ஆய்வகமும் தகுதியுள்ள ஆசிரியர்களும் வளாக நேர்காணலும் உண்டு என்று சொல்லிச் சேர்த்துக்கொண்ட கல்லூரிக்கு அந்த அறிவிப்பில் எந்தப் பொறுப்பும் இருப்பதில்லை. கட்டணம் ஆண்டுதோறும் வங்கியிலிருந்து நேரே கல்லூரிக்குப் போய்விட்டது. கடன் பத்திரத்தில் கையெழுத்திட்டவர்கள் மாணவரும் அவருடைய தாயோ தந்தையோ மட்டுமே. கடன் ஒப்பந்தத்தையும் கல்லூரிச் சேர்க்கையையும் சட்டம் தனித்தனியாகவே பார்ப்பதால், பாடம் ஒழுங்காக நடக்கவில்லை என்பதற்காக வங்கிக்குச் சேரவேண்டிய தொகையில் ஒரு ரூபாயும் குறையாது.

எல்லா நாடுகளிலும் நிலை இதுவன்று. அமெரிக்காவில் பொய்யான வாக்குறுதி தந்து மாணவரைச் சேர்த்த கல்லூரியில் படிக்க வாங்கிய மத்திய அரசுக் கடனை ரத்து செய்யக் கோரும் உரிமை சட்டத்திலேயே இருக்கிறது. 2015-இல் மூடப்பட்ட கொரிந்தியன் கல்லூரிகளில் படித்த சுமார் 5.6 லட்சம் பேரின் 580 கோடி டாலர் கடனை 2022-இல் அந்நாட்டு அரசு ரத்து செய்தது. இந்தியாவில் அத்தகைய சட்டம் இல்லை, இருந்திருக்க வேண்டும். இங்கே கல்லூரியின் மீது தனியாக வழக்குத்தான் தொடுக்கலாம், அதுவும் எளிதன்று. பல்கலைக்கழக இணைப்போ பல் மருத்துவக் கவுன்சிலின் அங்கீகாரமோ இல்லாமல் மாணவர்களைச் சேர்த்த பாட்னா பல் மருத்துவக் கல்லூரி ஒன்று இழப்பீடு தரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2009-இல் தீர்ப்பளித்தது என்றாலும், அங்கே நிரூபிக்கப்பட்டது அங்கீகாரம் பற்றிய பொய். கற்பித்தல் மோசம் என்ற புகார் மட்டும் அந்த அளவுக்கு எடுபடுவதில்லை.

ஆகவே மாணவரின் முன் உள்ள கேள்வி, கடனை எப்படித் தாங்கக்கூடிய அளவுக்குக் கொண்டுவருவது என்பதே. பெரும்பாலான வங்கிகள் பின்பற்றும் இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டப்படி, படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்டத் தேவையில்லாத விடுப்புக் காலம். ஆனால் அந்தக் காலத்திலும் தனிவட்டி ஏறிக்கொண்டே இருந்து, இறுதியில் அசலோடு சேர்க்கப்படுகிறது. நான்கு ஆண்டுகளில் ஆண்டுக்கு ஒரு லட்சம் வீதம் 10 சதவீத வட்டிக்கு வாங்கிய 4 லட்சம் ரூபாய், தவணை தொடங்கும் நாளில் 5 லட்சத்து 40 ஆயிரமாகிவிடுகிறது. அதைப் பத்து ஆண்டில் அடைக்க மாதம் ஏறத்தாழ 7,140 ரூபாயும், திட்டம் அனுமதிக்கும் உச்ச அளவான பதினைந்து ஆண்டில் அடைக்க 5,800 ரூபாயும் தேவை. மாதம் 1,340 ரூபாய் குறைவதற்கு மொத்தத்தில் கூடுதலாகச் செலுத்தும் தொகை ஏறத்தாழ 1 லட்சத்து 88 ஆயிரம். பன்னிரண்டாயிரம் சம்பளத்தில் இருப்பவருக்கு அந்த விலையைக் கொடுத்தும் காலத்தை நீட்டிக்கொள்வதே நல்லது, சம்பளம் உயர்ந்தபின் கூடுதலாகக் கட்டி முன்கூட்டியே முடித்துக்கொள்ளலாம்.

இதைவிடக் குறைவாகவே அறியப்பட்ட வழி ஒன்றும் அதே திட்டத்தில் உண்டு. வேலை இல்லாத காலத்திலும் தகுதிக்குக் குறைந்த வேலையில் இருக்கும் காலத்திலும், கடன் முடிவதற்குள் இரண்டு மூன்று முறை தவணைக்கு விடுப்புத் தரலாம் என்று வங்கிகளுக்கு அது பரிந்துரைக்கிறது. தொடக்கத்தில் சிறிய தவணையும் வருமானம் உயர உயரப் பெரிய தவணையும் கட்டும் ஏற்பாட்டையும் கேட்டுப் பார்க்கலாம். கேட்காதவருக்கு இவற்றை எந்தக் கிளையும் தானாக முன்வந்து தருவதில்லை.

மத்திய அரசின் வட்டி மானியம் தனியே கவனிக்கத்தக்கது. குடும்ப ஆண்டு வருமானம் நான்கரை லட்சத்துக்கு மிகாதவர்களின் விடுப்புக்கால வட்டி முழுவதையும் அரசே ஏற்கும் இத்திட்டத்தில், மேற்சொன்ன கணக்கின் 1 லட்சத்து 40 ஆயிரம் வட்டி அப்படியே இல்லாமற்போய், பத்து ஆண்டுத் தவணை 5,290 ரூபாய்க்கு இறங்கிவிடும். மானியத்தைக் கோரிப் பெறவேண்டியது வங்கியின் வேலை என்பதால், வருமானச் சான்று கொடுத்திருந்தாலும், கடன் கணக்கில் மானியம் வரவாகியிருக்கிறதா என்று கணக்கு அறிக்கையை வாங்கிப் பார்ப்பது அவசியம். 2018 முதல் பொதுவாக நாக் தரச்சான்று பெற்ற கல்லூரிகளுக்கும் என்பிஏ அங்கீகாரம் பெற்ற படிப்புகளுக்கும் மட்டுமே இது உரியதாக்கப்பட்டதால், தரங்குறைந்த கல்லூரியில் சேர்ந்த ஏழை மாணவரே மானியத்தையும் இழக்கிறார் என்பது இத்திட்டத்தின் பெருங்குறை.

தவணை 90 நாளுக்கு மேல் நிலுவையில் நின்றால் கணக்கு வராக்கடன் ஆகிறது. மாணவரோடு, இணைக் கடனாளியான பெற்றோரின் சிபில் மதிப்பெண்ணும் சரிகிறது. ஏழரை லட்சம் வரையிலான கடன்களுக்கு அரசின் உத்தரவாத நிதி இருப்பதால் வங்கிக்கு நட்டமில்லை என்று சிலர் எண்ணுவதுண்டு; அந்த நிதி வங்கியின் இழப்பில் ஒரு பகுதியை ஈடுசெய்கிறதே தவிர மாணவரை விடுவிப்பதில்லை. தேர்தல்தோறும் வரும் தள்ளுபடி வாக்குறுதியை நம்பித் தவணையை நிறுத்தியவர்களுக்கு வட்டிதான் வளர்ந்திருக்கிறது.

வராக்கடன் ஆனபின் மக்கள் நீதிமன்றத்திலோ வங்கியின் ஒரே தவணைத் தீர்வு முகாமிலோ ஒரு தொகைக்குப் பேசி முடிக்கலாம். வட்டியில் கணிசமாகத் தள்ளுபடி கிடைக்கக்கூடும் என்றாலும், சிபில் பதிவில் அந்தக் கடன் முழுமையாக அடைக்கப்பட்டதாக அன்றி, சமரசத்தில் முடிந்ததாகவே குறிக்கப்படும். பின்னாளில் வீட்டுக் கடன் கேட்கும்போது அது குறுக்கே நிற்கும். நிலுவையை வசூலிக்க வங்கி அமர்த்தும் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்போ மாலை 7 மணிக்குப் பின்போ தொலைபேசியில் அழைப்பதையும் மிரட்டுவதையும் ரிசர்வ் வங்கி தடைசெய்திருக்கிறது. இந்தத் தடை மீறப்பட்டால் வங்கிக்கு எழுதி 30 நாளில் தக்க பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

இந்த வழிகளில் பெரும்பாலானவை கணக்கு வராக்கடன் ஆவதற்கு முன்புதான் எளிதில் கைகூடும். எனவே வேலை கிடைக்காதவர்கள் கூச்சத்தால் வங்கியின் அழைப்பைத் தவிர்க்காமல், முதல் தவணை தவறுவதற்கு முன்பே கடன் ஒப்புதல் கடிதத்தோடும் வருமானச் சான்றோடும் கிளைக்குச் சென்று, கோரிக்கையை எழுத்தில் கொடுத்து, முத்திரையிட்ட நகலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.