பிள்ளைக்கு லைசென்ஸ் வந்தாச்சு, இன்சூரன்ஸில் எதைக் குறைக்கலாம்?

பதினெட்டு முடிந்த பிள்ளை கையில் ஓட்டுநர் உரிமத்தோடு வீட்டுக்கு வந்ததும், பெற்றோர் ஏஜெண்டிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "இவன் பேரையும் பாலிசியில சேர்க்கணுமா? சேர்த்தா எவ்வளவு ஏறும்?" லண்டனிலோ நியூஜெர்சியிலோ இருக்கும் உறவினர்கள், டீன்ஏஜ் பிள்ளையைக் காப்பீட்டில் சேர்த்ததும் பிரிமியம் எகிறிய கதையைச் சொல்லியிருப்பார்கள். அந்தப் பயம் இங்கேயும் தொற்றிக்கொண்டிருக்கிறது.

இங்கே கணக்கு வேறு. நம் நாட்டின் வழக்கமான கார் பாலிசி, செல்லுபடியாகும் உரிமம் உள்ள யார் ஓட்டினாலும் ஏற்றுக்கொள்கிறது. அப்பா பெயரில் உள்ள காரை நேற்று உரிமம் வாங்கிய மகளோ மகனோ ஓட்டலாம். அதற்காகத் தனியாகப் பெயர் சேர்க்க வேண்டியதில்லை. மூன்றாம் நபர் காப்பீடு, அதாவது தேர்டு பார்ட்டி கட்டணத்தை, மத்திய அரசே நிர்ணயிக்கிறது. 2022 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த பட்டியலில் 1000 சி.சி. வரையுள்ள காருக்கு 2,094 ரூபாய், 1500 சி.சி. வரை 3,416 ரூபாய், அதற்கு மேல் 7,897 ரூபாய். இதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. ஓட்டுநரின் வயது இந்தப் பட்டியலில் எங்கும் வராது. நம் காருக்கு ஏற்படும் சேதத்துக்கான பகுதியில் மட்டும்தான் நிறுவனங்களுக்கு 2007 முதல் விலைச் சுதந்திரம் உண்டு. அங்கேயும் வண்டியின் மாடல், வயது, மதிப்பு, பதிவான ஊர் ஆகியவையே முக்கியம். கார் பிள்ளையின் பெயரிலேயே இருந்தால் சில நிறுவனங்கள் அவர் வயதைப் பார்க்கக்கூடும்.

ஆக, புது ஓட்டுநர் என்பதால் இங்கே பிரிமியம் பெரிதாக ஏறிவிடுவதில்லை. என் கவலை வேறு. செலவைக் குறைக்க நாம் எதை வெட்டுகிறோமோ, பல வீடுகளில் அது புது ஓட்டுநருக்கு மிகவும் தேவைப்படும் பாதுகாப்பாக இருந்துவிடுகிறது.

முதல் வெட்டு, 'ஃபுல் இன்சூரன்ஸை' விட்டுவிட்டுத் தேர்டு பார்ட்டி மட்டும் போடுவது. "பழைய கார்தானே, பையன் கத்துக்கட்டும், இடிச்சா நாமே பார்த்துக்கலாம்" என்பது வீட்டின் நியாயம். காரின் சேதத்தை மட்டும் பார்த்தால் அது சரிதான். காருக்குள் உட்கார்ந்திருப்பவர்களை நினைத்துப் பாருங்கள். பதினெட்டு வயதுப் பிள்ளை கார் எடுத்தால் பெரும்பாலும் தனியாகப் போவதில்லை. நாலு நண்பர்களோடு ஈ.சி.ஆரில் மாமல்லபுரம் வரை போவான். வெறும் தேர்டு பார்ட்டி பாலிசியில், தனியார் காரில் சும்மா பயணம் செய்பவர்கள் 'மூன்றாம் நபர்' என்ற கணக்கில் வருவதில்லை. சட்டக் கட்டாயத்துக்கான பாலிசியில் அவர்களுக்கு இடமில்லை, முழுமையான பாலிசியில் உண்டு என்ற வேறுபாட்டை உச்ச நீதிமன்றம் 2012இல் நேஷனல் இன்சூரன்ஸ் – பாலகிருஷ்ணன் வழக்கில் தெளிவாக்கியது. சாலையில் நடந்து போன அந்நியருக்குக் காப்பீட்டு நிறுவனம் இழப்பீடு தரும்; பின்சீட்டில் இருந்த நண்பனுக்கு மகன்மேலும் காரின் உரிமையாளர்மேலும்தான் வழக்கு வரும். நண்பனின் குடும்பமும் நம் குடும்பமும் நீதிமன்றத்தில் எதிரெதிரே நிற்கும். வருஷத்துக்கு மிச்சமாகும் சில ஆயிரங்களுக்கு இந்த ஆபத்தை விலைக்கு வாங்கக் கூடாது. பைக்கிலும் இதே கதைதான்: வெறும் தேர்டு பார்ட்டியில் பின்னால் உட்கார்ந்திருப்பவருக்குப் பாதுகாப்பு இல்லை.

"எங்க கார்ல மூணு வருஷத்துக்குப் போட்டிருக்கே" என்பவர்களும் பாலிசியை ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டும். கோவையைச் சேர்ந்த எலும்பு அறுவை சிகிச்சை நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன் சாலைப் பாதுகாப்புக்காகத் தொடுத்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவால், 2018 செப்டம்பர் முதல் புதுக் காருக்கு மூன்று ஆண்டும் புது பைக்குக்கு ஐந்து ஆண்டும் தேர்டு பார்ட்டியைச் சேர்த்தே எடுக்க வேண்டும். வண்டிச் சேதத்துக்கான பகுதி பெரும்பாலும் முதல் ஆண்டுக்கு மட்டுமே இருக்கும். இரண்டாம் ஆண்டில் அதைப் புதுப்பிக்க மறந்தவர்கள், தங்களிடம் முழு காப்பீடு இருப்பதாகவே நம்பி ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். நண்பர்களுக்கான பாதுகாப்பும் அதோடு போயிருக்கலாம் என்பது அவர்களுக்குத் தெரியாது.

அடுத்தது, ஓட்டுகிற பிள்ளையின் உயிர். பாலிசியில் கட்டாயமாக வரும் 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பு, ஆர்.சி. புக்கில் பெயர் உள்ள உரிமையாளர் ஓட்டும்போது அவருக்கானது. அப்பாவின் காரை மகன் ஓட்டிப் போய் எதிலாவது மோதினால், அந்தத் தொகை மகனுக்கு வரும் என்று எண்ணிவிடக் கூடாது. மகன் மூன்றாம் நபரும் அல்ல. வண்டியை இரவல் வாங்கி ஓட்டுபவர் உரிமையாளரின் இடத்திலேயே நிற்கிறார் என்று 2009இல் நிங்கம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வீட்டிலேயே அதிக ஆபத்தில் இருக்கும் ஓட்டுநர் இப்படி எந்தப் பாதுகாப்பிலும் சேராமல் வெளியே நிற்கிறார். பிள்ளையின் பெயரில் தனியாக ஒரு தனிநபர் விபத்துப் பாலிசி எடுப்பதுதான் இதற்கு வழி. மற்ற காப்பீடுகளோடு ஒப்பிட்டால் இதன் பிரிமியம் குறைவு. பஸ்ஸில் போனாலும் நண்பன் பைக்கில் போனாலும் அது கூடவே வரும். பிள்ளைக்கென்று ஒரே ஒரு பாலிசிக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், நான் இதைத்தான் எடுக்கச் சொல்வேன்.

இனி உண்மையில் எங்கே மிச்சம் பிடிக்கலாம் என்று பார்ப்போம். கார் யார் பெயரில் இருக்கிறது என்பதில் பெரிய பணம் இருக்கிறது. கிளெய்ம் இல்லாத ஆண்டுகளுக்குக் கிடைக்கும் தள்ளுபடியான என்.சி.பி. 20, 25, 35, 45 என்று ஏறி 50 சதவீதத்தில் நிற்கும். இது காரோடு போவதில்லை. பாலிசி வைத்திருப்பவரோடு போகும். அப்பா பழைய காரை விற்றுவிட்டுத் தன் பெயரில் வேறு கார் வாங்கினால், நிறுவனத்திடம் என்.சி.பி. சான்று வாங்கி மூன்று ஆண்டுக்குள் புதுக் காரில் பயன்படுத்தலாம். "பிறந்தநாள் பரிசு" என்று பிள்ளையின் பெயரில் பதிந்தால் அவர் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும். அப்பா பெயரில் வைத்துப் பிள்ளை ஓட்டுவதில் இங்கே ஏமாற்று எதுவும் இல்லை. மேலே சொன்ன தனி விபத்துப் பாலிசியை மட்டும் மறக்கக் கூடாது. பாலிசி காலாவதியாகி 90 நாள் தாண்டினால் என்.சி.பி. மொத்தமும் போய்விடும். முந்தைய ஆண்டு கிளெய்ம் வாங்கியதை மறைத்து "இல்லை" என்று டிக் செய்தால், பிறகு விபத்து நேரும்போது அதுவே நிராகரிக்கக் காரணமாகிவிடும். ஏஜெண்டே அப்படி நிரப்பினாலும் கையெழுத்து நம்முடையது.

புது ஓட்டுநர் இடிப்பது பெரும்பாலும் பம்பரையும் கதவையும்தான். பிளாஸ்டிக் பாகங்களுக்குச் சாதாரண பாலிசியில் தேய்மானமாகப் பாதி கழிப்பார்கள். பம்பர் மாற்ற 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதில் 6,000 கழியும். கட்டாயமாக நாம் ஏற்க வேண்டிய தொகை சிறிய காருக்கு 1,000 ரூபாய். கையில் வருவது 5,000. இப்போது மறுபக்கம் பாருங்கள். வண்டிச் சேதப் பிரிமியம் 10,000 ரூபாய், என்.சி.பி. 50 சதவீதம், எனவே கட்டுவது 5,000. ஒரு கிளெய்மால் என்.சி.பி. பூஜ்யமானால், திரும்ப 50ஐ எட்டும் வரை ஆண்டுக்காண்டு கூடுதலாகக் கட்டுவதைக் கூட்டினால், அடிப்படைப் பிரிமியம் மாறவில்லை என்றாலும், 12,500 ரூபாய் ஆகிறது. ஐயாயிரத்தை வாங்கப் பன்னிரண்டாயிரத்து ஐநூறை இழக்கிறோம். சின்ன சேதத்தைக் கைக்காசில் சரிசெய்துவிட்டுப் பெரிய விபத்துக்குப் பாலிசியைக் காத்து வைப்பதே லாபம்.

அப்படிச் செய்யும் மனம் இருந்தால், நாமாக ஏற்கும் தொகையைக் கொஞ்சம் உயர்த்திப் பிரிமியத்தைக் குறைக்கலாம். அதில் மிச்சமாகும் பணத்தில், ஐந்து வயதுக்கு உட்பட்ட கார் என்றால், 'பம்பர் டு பம்பர்' என்று எல்லோரும் சொல்கிற தேய்மானமில்லாக் காப்பை முதல் இரண்டு ஆண்டுக்காவது சேர்ப்பது நல்லது. சென்னையின் தாழ்வான பகுதிகளில் இருப்பவர்கள் என்ஜின் காப்பையும் யோசிக்க வேண்டும். தேங்கிய நீரில் நின்றுபோன காரைத் திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்து என்ஜினைக் கெடுத்துக்கொண்டால், சாதாரண பாலிசியில் அது கிடைப்பது கடினம். 2015 வெள்ளத்தில் பலர் இதைக் கசப்பாகத் தெரிந்துகொண்டார்கள். கல்லூரி விடுதியில் இருந்துகொண்டு விடுமுறையில் மட்டும் ஓட்டும் பிள்ளை என்றால், ஓட்டும் தூரத்துக்கு ஏற்பக் கட்டும் திட்டங்கள் 2022 முதல் அனுமதிக்கப்பட்டிருக்கின்றன, விசாரியுங்கள்.

காரின் மதிப்பான ஐ.டி.வி.யைக் குறைத்துப் பிரிமியத்தைக் குறைத்துக் காட்டும் விளம்பரங்களில் மட்டும் கவனம் தேவை. கார் திருடுபோனாலோ அடியோடு நொறுங்கினாலோ கைக்கு வரும் உச்சத் தொகை அதுதான். இரண்டு நிறுவனங்களை ஒப்பிடும்போது ஐ.டி.வி. ஒன்றாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதேபோல, மற்றவர் சொத்துக்கு நேரும் சேதத்துக்கான 7.5 லட்ச வரம்பை 6,000 ரூபாயாகக் குறைத்து அற்பத் தொகையை மிச்சம் பிடிப்பதும் வேண்டாம். புது ஓட்டுநர் ஒரு சொகுசுக் காரின் கதவை உரசினால் அந்த ஆறாயிரம் எதற்கும் காணாது.

விலையை வயது தீர்மானிப்பதில்லை என்றேன். இழப்பீட்டை உரிமம் நிச்சயமாகத் தீர்மானிக்கிறது. பழகுநர் உரிமம் (எல்.எல்.ஆர்.) வைத்திருக்கும் காலத்தில் 'எல்' பலகை இருக்க வேண்டும், உரிமம் உள்ள ஒருவர் வண்டியைக் கட்டுப்படுத்தும் நிலையில் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் பாலிசி பேசும். பைக் உரிமத்தை வைத்துக்கொண்டு கார் ஓட்டினால் உரிமமே இல்லாத கணக்குதான். பதினேழு வயதுப் பிள்ளையிடம் "தெருமுனை வரைக்கும்தானே" என்று சாவியைக் கொடுத்தால், வண்டிச் சேதத்துக்குப் பைசா வராது. அடிபட்டவருக்கு நிறுவனம் முதலில் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலிக்க நீதிமன்றம் உத்தரவிடலாம். 2004இல் ஸ்வரன் சிங் வழக்கு முதல் இந்த வழி நிலைத்திருக்கிறது. அதற்கு மேல், 2019 திருத்தத்தில் வந்த மோட்டார் வாகனச் சட்டம் 199ஏ பிரிவின்படி பெற்றோருக்கோ உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டிப் பதிவு ஓராண்டுக்கு ரத்து. பிள்ளைக்கு 25 வயது வரை உரிமம் கிடைக்காது.

மலிவைத் தேடும்போது போலி பாலிசியிலும் மாட்டிக்கொள்கிறார்கள். பாதி விலைக்குத் தருகிறேன் என்பவர், தன் சொந்த எண்ணுக்கு ஜிபே செய்யச் சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். பணம் நிறுவனத்தின் கணக்குக்குத்தான் போக வேண்டும். பாலிசி எண்ணை நிறுவனத்தின் தளத்திலும் எம்பரிவாஹன் செயலியிலும் சரிபார்க்கலாம். காப்பீடே இல்லாமல் ஓட்டினால் முதல் முறை 2,000, மறுமுறை 4,000 ரூபாய் அபராதம். ஆனால் விபத்து நடந்தால் நாம் கட்ட வேண்டி வரும் இழப்பீட்டுக்கு முன் அது ஒன்றுமே இல்லை.

கிளெய்ம் மறுக்கப்பட்டால் அதோடு முடிந்ததாக நினைத்து உட்கார்ந்துவிட வேண்டாம். முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் பீமா பரோசா தளத்திலோ 155255 என்ற எண்ணிலோ பதியலாம். ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றாலும், பதிலில் திருப்தி இல்லையென்றாலும் காப்பீட்டு ஓம்பட்ஸ்மேனிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. 50 லட்ச ரூபாய் வரையுள்ள கோரிக்கைகளை அவர் விசாரிப்பார். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், அவர் தரும் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். நமக்கு அது பிடிக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தின் கதவு திறந்தே இருக்கிறது. அங்கே கால வரம்பு இரண்டு ஆண்டு. ஓம்பட்ஸ்மேனிடம் போக, நிறுவனத்தின் மறுப்பு வந்த நாளிலிருந்து ஓராண்டுதான் அவகாசம். ஆகவே "கிளெய்ம் கிடைக்காது சார்" என்று போனில் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பாலிசியின் எந்த நிபந்தனைப்படி மறுக்கிறீர்கள் என்று கேட்டு, தேதியிட்ட கடிதமாகவோ மின்னஞ்சலாகவோ வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.