வயிறு சொல்லுது... 'ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி!'

ஓசூர் சிப்காட் பக்கம் விடியற்காலையில் கம்பெனி பஸ்ஸுக்காக நிற்கும் கூட்டத்தைக் கவனித்திருக்கிறீர்களா? அதில் ஒரு புது ரக இளைஞர் தென்படுவார். கையில் டிபன் டப்பா. உள்ளே வெள்ளரி, கேரட், பச்சை முட்டைக்கோஸ், முளைகட்டிய பயறு. விசாரித்தால், போன வாரம்தான் கம்பெனியில் மெடிக்கல் செக்கப். கொலஸ்ட்ரால் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். அன்று ராத்திரியே பரோட்டாவுக்கு விவாகரத்து!

முதல் நாள் உற்சாகம். இரண்டாம் நாள் வயிற்றுக்குள் தவில் கச்சேரி. மூன்றாம் நாள் மீட்டிங். ஏ.ஸி. அறை, சாத்திய கதவு. மேனேஜர் திடீரென்று பேச்சை நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்க்கிறார்... அதற்கு மேல் எழுதினால் நாகரிகமாக இருக்காது.

"எனக்குக் காய்கறி ஒத்துக்கலை மச்சி. நம்ம உடம்புக்குப் பரோட்டாதான் செட் ஆகும்!"

நாலாம் நாள் ராத்திரி அதே கடை, அதே சால்னா.

தப்பு இங்கேதான் நடக்கிறது. காய் ஒத்துக்கொள்ளாமல் இல்லை. அவர் அவசரப்பட்டுவிட்டார், அவ்வளவுதான்.

இத்தனைக்கும் நாம் இருப்பது காய்கறி ஊர். ஓசூர் சுற்றுவட்டாரத்தில் விளையும் கோஸும் பீன்ஸும் லாரி ஏறி பெங்களூருக்கும் சென்னைக்கும் போகின்றன. கிருஷ்ணகிரி பக்கம் போனால் மாந்தோப்பு. காய் ஊரை விட்டுப் போகிறது, நாம் பரோட்டாக் கடைக்குப் போகிறோம்! வீடு தேடி வந்து பி.பி., சுகர் பார்க்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதும் இதே மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான்.

எவ்வளவு காய் வேண்டும்? ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டி, 2000 கலோரி சாப்பாட்டுக்கு ஒரு நாளைக்கு 400 கிராம் காய்கறி, 100 கிராம் பழம் என்கிறது. நல்ல கணக்கு. அதை ஒரே நாளில் எட்டிப் பிடிக்கப் போனால்தான் வம்பு.

உள்ளே என்ன நடக்குது?

கோஸ், காலிபிளவர், அவரை, மொச்சை, பயறு... இவற்றில் ராஃபினோஸ் வகைச் சர்க்கரை இருக்கிறது. அதை உடைக்கும் என்ஸைம் நம் சிறுகுடலில் கிடையாது. நார்ச்சத்தும் அப்படித்தான். இரண்டும் முழுசாகப் பெருங்குடலுக்குப் போய்ச் சேரும். அங்கே கோடானுகோடி பாக்டீரியாக்கள் மூன்று ஷிஃப்டும் வேலை பார்க்கின்றன, ஸ்டிரைக்கே கிடையாது! அவை இதைப் புளிக்க வைக்கும்போது ஹைட்ரஜன், கார்பன் டை ஆக்ஸைடு, சிலருக்கு மீத்தேன் எல்லாம் உற்பத்தியாகும். கோஸில் கந்தகச் சத்து உண்டு. மேனேஜர் ஜன்னலைப் பார்த்ததற்கு அதுதான் காரணம்.

ஆரோக்கியமான மனிதனுக்கே ஒரு நாளில் 10 முதல் 20 தடவை வரை வாயு பிரிவது சகஜம். 'எனக்கெல்லாம் அந்தப் பழக்கமே இல்லை' என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

ஓசூர் - பெங்களூர் பஸ்ஸில் மூன்று பேர் சீட்டுக்கு நாலாவது ஆள் வந்து, "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி" என்பாரே, அதாவது 'கொஞ்சம் அனுசரிச்சுக்குங்க'. ஒருத்தர் என்றால் நகர்ந்து இடம் தருவோம். இருபது பேர் ஒரேயடியாக ஏறினால்? ரகளைதான். குடலும் அதே பஸ்தான். பழகிக்கொள்ள அதற்குச் சில வாரங்கள் வேண்டும்.

எப்படி ஏற்றுவது?

* முதல் வாரம் வழக்கத்தைவிட ஒரே ஒரு கரண்டி பொரியல் கூடுதலாக. வயிறு சமாதானமானதும் அடுத்த வாரம் இன்னொன்று.

* ஆரம்பத்தில் பச்சையாக வேண்டாம்; வேகவைத்துச் சாப்பிடுங்கள். கேரட், சுரைக்காய், பீர்க்கங்காய் முன்னால் வரட்டும். கோஸும் மொச்சையும் பின்னால் வரட்டும்.

* பயறு, கடலையை ராத்திரியே ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவையுங்கள். வாயு சமாச்சாரத்தில் ஒரு பங்கு அதோடு போய்விடும்.

* பெங்களூரா மாம்பழம் தெரியுமல்லவா? மரம் நம்ம பக்கம், பேர் அவங்க பக்கம்! எந்த ரகமானாலும் ஒரே உட்காரலில் நாலு வேண்டாம். மாம்பழத்தில் இருக்கும் ஃப்ரக்டோஸ் அளவு மீறினால் சிலருக்கு வயிறு உப்பும். பாதிப் பழத்தில் ஆரம்பியுங்கள். ஜூஸாக்கி வடிகட்டினால் நார் போய்ச் சர்க்கரைதான் மிஞ்சும்.

* நார்ச்சத்து ஏறினால் தண்ணீரும் ஏற வேண்டும். இல்லாவிட்டால் மலச்சிக்கல்.

* கான்டீனில் ஐந்து நிமிஷத்தில் அள்ளிப் போட்டால் சோற்றோடு காற்றும் உள்ளே போகும். மென்று சாப்பிட்டு, பத்து நிமிஷம் நடங்கள். கேஸ் தீர, கேஸ் அடைத்த சோடா குடிப்பது எந்த ஊர் நியாயம்?

பாட்டி போட்ட பெருங்காயம், சீரகம்? தாராளமாகப் போடலாம். ஆனால் பெருங்காயத்தை நம்பி முதல் நாளே அரைக் கிலோ கோஸ் சாப்பிடக் கூடாது.

கடைசியாக... சீரியஸாக ஒரு விஷயம்

எல்லா வலியும் கேஸ் இல்லை.

நடு நெஞ்சில் அழுத்துகிற மாதிரி வலி, கைக்கோ தாடைக்கோ பரவுகிறது, குப்பென்று வியர்க்கிறது, மூச்சு வாங்குகிறது... ரூம்மேட், "கேஸ்தான்டா, ஒரு சோடா அடி, சரியாயிடும்" என்பார். கேட்காதீர்கள். மாரடைப்பாக இருக்கலாம். வயசு முப்பதுதானே என்று நினைக்கவும் வேண்டாம். உடனே 108. பைக்கை நீங்களே ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். 2023-ல் ஆரம்பித்த 'இதயம் காப்போம்' திட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதலுதவி மாத்திரைகள் வைத்திருக்கிறார்கள். கேஸ் என்று தெரிந்து திரும்பி வந்தால் சந்தோஷம்தான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, ராத்திரி தூக்கத்தைக் கலைக்கும் வயிற்று வலி, வாரக்கணக்கில் நீடிக்கும் பேதி... இவை இருந்தாலும் டாக்டரைப் பாருங்கள். கோஸ் மேல் பழி போடாதீர்கள்.

மற்றபடி, நாலாம் நாள் பரோட்டாக் கடைப் பக்கம் கால் இழுத்தால், வயிற்றைத் தடவிக்கொண்டு சொல்லுங்கள்: "ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி!"

அது பண்ணிக்கொள்ளும். மீட்டிங் அறையில் மட்டும், கொஞ்ச நாளைக்கு, ஜன்னல் ஓரமாக உட்காருங்கள்.