வான்பயணப் புள்ளிகள்

வான்பயணப் புள்ளிகள் அல்லது மைல்கள் என்பவை, வானூர்தி நிறுவனங்கள் தம் வாடிக்கையாளர்களைத் தக்கவைத்துக்கொள்ள வழங்கும் வெகுமதிப் புள்ளிகள் ஆகும். இவற்றைப் போதிய அளவு சேர்த்தவர், கட்டணத்துக்குப் பதிலாகப் புள்ளிகளைக் கொடுத்துப் பயணச்சீட்டுப் பெறலாம். இவை பணம் அல்ல. இவற்றின் மதிப்பை வழங்கும் நிறுவனமே தீர்மானிக்கிறது.

வரலாறு

அமெரிக்கன் ஏர்லைன்சு 1981 இல் இத்தகைய திட்டம் ஒன்றைத் தொடங்கியபின் இம்முறை உலகெங்கும் பரவியது. ஏர் இந்தியா 2014 இல் ஸ்டார் அலையன்சு கூட்டமைப்பில் இணைந்தது. இதனால் அதன் புள்ளிகளைக் கொண்டு சிங்கப்பூர் ஏர்லைன்சு போன்ற பிற உறுப்பு நிறுவனங்களின் வானூர்திகளிலும் பயணிக்க வழி ஏற்பட்டது.

சேர்க்கும் முறை

பயணத்தின் மூலமும் கடனட்டைச் செலவின் மூலமும் புள்ளிகள் சேர்கின்றன. விழுப்புரம் மாவட்டத்திலுள்ள செஞ்சியில் வானூர்தி நிலையம் இல்லை. வானூர்தியில் செல்வோர் பெரும்பாலும் சாலைவழியே சென்னைக்குச் செல்ல வேண்டும். எனினும் அங்கு வசிப்பவரும் மளிகை, எரிபொருள் போன்ற செலவுகளைக் கடனட்டையில் செய்து புள்ளிகள் சேர்க்க இயலும். சில வங்கிகள் அட்டைப் புள்ளிகளை வானூர்தி நிறுவனப் புள்ளிகளாக மாற்றித் தருகின்றன. அவ்வாறு மாற்றியபின் பொதுவாக அவற்றைத் திரும்பப் பெற முடியாது.

மதிப்பைக் கணித்தல்

புள்ளிகளால் பெறும் சீட்டுக்கும் வரிகளையும் நிலையக் கட்டணங்களையும் பணமாகவே செலுத்த வேண்டியிருக்கும். எடுத்துக்காட்டாக, 6,000 ரூபாய்ச் சீட்டுக்கு 10,000 புள்ளிகளுடன் 1,000 ரூபாயும் கேட்கப்பட்டால், மிச்சமாவது 5,000 ரூபாய். எனவே ஒரு புள்ளியின் மதிப்பு 50 காசு ஆகும்.

இடர்கள்

* வட்டி: 100 ரூபாய்க்கு 2 புள்ளி தரும் அட்டையில் 10,000 ரூபாய் செலவிட்டால் 200 புள்ளிகள், அதாவது மேற்கண்ட கணக்கில் 100 ரூபாய் கிடைக்கும். அத்தொகையை உரிய நாளில் செலுத்தாவிடில், மாதம் 3 விழுக்காடு வட்டியில் 300 ரூபாய் இழக்க நேரும்.
* மதிப்புக் குறைவு: ஒரு சீட்டுக்குத் தேவையான புள்ளிகளின் எண்ணிக்கையை நிறுவனம் உயர்த்தலாம். புள்ளிகள் காலாவதியாவதும் உண்டு.
* சேவை நிறுத்தம்: ஜெட் ஏர்வேசு 2019 ஏப்ரல் 17 அன்று பறப்பதை நிறுத்தியது. அதன் ஜெட்பிரிவிலேச் திட்டத்தைத் தனி நிறுவனம் ஒன்று நடத்தியதால் புள்ளிகள் அழியவில்லை. அத்திட்டம் அதே ஆண்டில் இன்டர்மைல்சு எனப் பெயர் மாறியது. ஆயினும் உறுப்பினர்கள் அப்புள்ளிகளைக் கொண்டு ஜெட் வானூர்திகளில் பறக்கும் வாய்ப்பை இழந்தனர்.