வீட்டை விரிவாக்குவோர் கவனத்திற்கு

குடும்பம் பெருகினால் வீடும் பெருகவேண்டும் என்பது இயற்கை. மகனுக்கு மணமானால் ஓர் அறை வேண்டும். பெண்கள் படித்து வேலைக்குச் சென்றால் குளியலறையும் கழிப்பறையும் வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பகுதிகளில் இத்தேவையை நாம் நாள்தோறும் காண்கிறோம். துத்திப்பட்டு, மின்னூர், சோலூர் போன்ற கிராமங்களிலிருந்து ஆண்களும் பெண்களும் தோல் பதனிடும் ஆலைகளுக்கும் காலணித் தொழிற்சாலைகளுக்கும் சென்று வருகின்றனர். சம்பளத்தில் மிச்சம் பிடித்து அவர்கள் முதலில் செய்ய விரும்புவது, இருக்கும் வீட்டை ஒட்டி ஓர் அறை கட்டுவது அல்லது அதன்மேல் ஒரு மாடி எழுப்புவதேயாகும்.

முன்பெல்லாம் இதற்கு அனுமதி பெறுவது எளிதாக இருக்கவில்லை. விண்ணப்பம், வரைபடம், இடப்பார்வை என்று பலமுறை அலையவேண்டியிருந்தது. ஒவ்வொரு நடைக்கும் ஒரு நாள் கூலி போயிற்று. ஆகவே பலர் அனுமதியின்றியே கட்டினர். பின்னர் வங்கிக் கடனுக்குச் சென்றபோது, அனுமதி வரைபடம் இல்லையென்று திரும்பி வந்தனர்.

இக்குறையைப் போக்கவே தமிழ்நாடு அரசு 2024ஆம் ஆண்டு ஜூலை 22ஆம் நாள் சுயசான்று முறையைத் தொடங்கியது. 2,500 சதுர அடிக்கு மேற்படாத மனையில், 3,500 சதுர அடிக்கு மேற்படாத குடியிருப்பை, தரைதளமாகவோ அதன்மேல் ஒரு தளத்துடனோ கட்டுவதற்கு இம்முறையில் அனுமதி பெறலாம். 2,500 சதுர அடி என்பது நம் கணக்கில் ஏறத்தாழ ஐந்தே முக்கால் சென்ட். நம் கிராமங்களில் பெரும்பாலோரின் வீட்டுமனை இதற்குள் அடங்கிவிடும். உரிமைப் பத்திரங்களையும் வரைபடத்தையும் இணையவழி ஒற்றைச் சாளரத்தில் பதிவு செய்து, கட்டணம் செலுத்தினால் அனுமதி உடனே கிடைக்கும். முன்கூட்டிய இடப்பார்வை இல்லை. பணி நிறைவுச் சான்று பெறவேண்டிய கட்டாயமும் இல்லை.

நான்கு சென்ட் மனையில் 600 சதுர அடி ஓட்டு வீடு உடைய ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். மனையின் பரப்பு 1,742 சதுர அடி. பழைய வீட்டை நீக்கிவிட்டுக் கீழே 700, மேலே 700 சதுர அடி கட்டினால் மொத்தம் 1,400 சதுர அடிதான். அளவைப் பொறுத்தவரை வரம்புக்குள் நிற்கிறது. பழைய பகுதியை வைத்துக்கொண்டே விரிவாக்குவோர், அதனையும் வரைபடத்தில் காட்டி, இரண்டையும் சேர்த்தே கணக்கிடுவது முறை.

இச்சலுகை குடியிருப்புக்கு மட்டுமே உரியது என்பதை மறக்கலாகாது. வீட்டின் பின்புறம் தோல் அடுக்கும் கிடங்கு கட்டுவதற்கோ, தையல் இயந்திரங்கள் போட்டுக் காலணி மேற்பகுதி தைக்கும் பட்டறை வைப்பதற்கோ இதனைப் பயன்படுத்துதல் தவறு. அவ்வாறே, அங்கீகாரம் பெறாத மனைப்பிரிவில் மனை வாங்கியோர் முதலில் அம்மனையை வரன்முறைப்படுத்திக்கொள்ள வேண்டும். ஓடை, ஏரி, வாய்க்கால் புறம்போக்கில் எந்தச் சான்றும் செல்லாது.

இனி முக்கியமான செய்திக்கு வருவோம். சுயசான்று என்றால் என்ன? “நான் கூறுவன யாவும் உண்மை, விதிப்படியே கட்டுவேன்” என்று உரிமையாளர் தாமே பொறுப்பேற்பதாகும். முன்பு அதிகாரி வந்து பார்த்தார். இப்போது அவர் முன்கூட்டி வருவதில்லை. கூறியது பொய்யெனத் தெரிந்தால் அனுமதி ரத்தாகும். ஆனால் சுவர் பலவீனமாக இருந்தால் ரத்தாவது அனுமதி மட்டுமன்று.

2021ஆம் ஆண்டு நவம்பர் 19ஆம் நாள், பெருமழையின்போது பேரணாம்பட்டில் வீடு இடிந்து, நான்கு குழந்தைகள் உள்பட ஒன்பது பேர் உயிரிழந்தனர். அத்துயரத்தை நம் பகுதி மறக்கவில்லை. வடகிழக்குப் பருவமழையில் ஊறிய சுவர் எத்தகைய ஆபத்து என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

சில மாதங்களுக்கு முன் நாம் ஒரு கிராமத்திற்குச் சென்றிருந்தபோது, ஒரு குடும்பத்தார் மாடி எழுப்ப ஜல்லியும் மணலும் இறக்கி வைத்திருந்தனர். கீழ்வீட்டின் சுவர் மண் சாந்தில் கட்டப்பட்டது. மூலையில் விரல் நுழையும் வெடிப்பு இருந்தது. ஓடுகளைத் தாங்கிய சுவர் கான்கிரீட் தளத்தையும் தாங்கும் என்று அவர்கள் நம்பினர். பொறியாளர் ஒருவர் அடித்தளத்தைத் தோண்டிப் பார்த்து, மாடி தாங்காது என்றார். அவர்கள் திட்டத்தை மாற்றிப் பக்கத்தில் தனி அடித்தளமிட்டு அறை கட்டினர். பொறியாளருக்குக் கொடுத்த பணத்தைச் செலவென்று அவர்கள் இப்போது கருதுவதில்லை.

தண்ணீரைப் பற்றியும் ஒரு சொல். தோல் ஆலைக் கழிவினால் பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீர் கெட்டது குறித்து உச்சநீதிமன்றம் 1996ஆம் ஆண்டிலேயே தீர்ப்புரைத்தது; 2025 ஜனவரியிலும் மீண்டும் கட்டளை பிறப்பித்தது. எஞ்சியுள்ள நல்ல கிணறுகளை நம் வீட்டுக் கழிவும் கெடுத்துவிடக் கூடாது. கழிவுநீர்த் தொட்டியைக் கிணற்றிலிருந்து இயன்ற தொலைவில் அமைத்திடுக. மாடிநீர் அண்டை வீட்டுச் சுவரில் விழாதவாறு மழைநீர்ச் சேமிப்புக் குழிக்குக் கொண்டு செல்க. 2003ஆம் ஆண்டு முதல் மழைநீர்ச் சேமிப்பு கட்டாயமாகும்.

பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கு இதில் பெரும் பங்கு உண்டு. இம்முறையைத் தத்தம் வார்டு மக்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள். இடைத்தரகரிடம் பணம் கொடுக்காமல் காத்திடுங்கள். புறம்போக்கு எது, வாய்க்கால் எது என்பதை, கட்டடம் தலைமட்டம் எழும்பிய பின்னரன்றி, கடைக்கால் தோண்டும் நாளிலேயே கூறுங்கள். மாடி எழுப்புவோரிடம், “சுவரைப் பொறியாளர் பார்த்தாரா?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

அனுமதி பெறுவதை அரசாங்கம் எளிதாக்கியிருக்கிறது. உறுதியாகக் கட்டுவது நம் கையில் இருக்கிறது.