பம்பு இயங்கும் விதம்: உடன்குடிக் கடலோரக் கிணறுகளை முன்வைத்து

கிணற்றிலோ ஆழ்துளைக் கிணற்றிலோ உள்ள தண்ணீருக்கு ஆற்றல் கொடுத்து, உயரத்தில் இருக்கும் தொட்டிக்கோ தோட்டத்துக்கோ அனுப்பும் கருவி பம்பு. பேச்சுவழக்கில் இதை மோட்டார் என்றே சொல்கிறோம். உண்மையில் மோட்டார் சுழற்சியைத் தருகிறது. தண்ணீரைத் தள்ளுவது அதனுடன் பொருத்தப்பட்ட பம்பு. தூத்துக்குடி மாவட்டத்தில், திருச்செந்தூருக்குத் தெற்கே உள்ள உடன்குடி வட்டாரத்தில் இந்தக் கருவியைப் புரிந்துகொள்ளத் தனியாக ஒரு காரணம் இருக்கிறது. கடலோரமான இப்பகுதியில் நல்ல தண்ணீருக்கு அடியில் உப்புத்தண்ணீர் காத்திருக்கிறது. அது மேலே வருமா, கீழேயே தங்குமா என்பதைப் பம்பின் வேகம் பெருமளவு தீர்மானிக்கிறது.

உறிஞ்சுவது யார்?

கிணற்றுமேட்டில் வைத்த பம்பு தண்ணீரை உறிஞ்சி இழுப்பதாகவே தோன்றும். ஆனால் தண்ணீரை மேலே இழுக்கும் வலிமை எந்தப் பம்புக்கும் கிடையாது. பம்பின் உள்ளே இம்பெல்லர் என்ற துடுப்புச் சக்கரம் சுழலும்போது, அதன் நடுவில் உள்ள தண்ணீர் விளிம்பை நோக்கி வீசப்படுகிறது. நடுப்பகுதியில் அழுத்தம் குறைகிறது. கிணற்று நீரின் மேற்பரப்பை அழுத்திக்கொண்டிருக்கும் காற்று, அழுத்தம் குறைந்த அந்த இடத்தை நோக்கிக் குழாய் வழியே தண்ணீரைத் தள்ளுகிறது. ஆக, கிணற்றிலிருந்து பம்பு வரை தண்ணீரை ஏற்றுவது வளிமண்டலம். அங்கிருந்து தொட்டிக்கு ஏற்றுவது மட்டுமே பம்பின் வேலை.

இதனால் ஓர் எல்லை உண்டாகிறது. கடல் மட்டத்தில் வளிமண்டல அழுத்தம் தாங்கக்கூடிய நீர்த்தூணின் உயரம் சுமார் 10.3 மீட்டர். 1643-ல் இத்தாலியில் டாரிசெல்லி பாதரசத்தைக் கொண்டு செய்த சோதனை இந்த எல்லைக்கான காரணத்தை விளக்கியது. குழாய் உராய்வையும் சிறு கசிவுகளையும் கழித்துப் பார்த்தால், நடைமுறையில் 7 மீட்டர், அதாவது 23 அடி அளவுக்கே நம்பலாம். நீர்மட்டம் அதற்குக் கீழே போய்விட்டால், குதிரைத்திறனை எவ்வளவு கூட்டினாலும் மேட்டில் வைத்த சாதாரணப் பம்பு சும்மா சுற்றுமே தவிர தண்ணீர் வராது.

குழாயின் அடியில் ஃபுட்வால்வு வைப்பதும் இதையொட்டித்தான். இம்பெல்லர் காற்றைச் சுழற்றினால் போதிய அழுத்தக் குறைவு உண்டாகாது. அதைச் சுற்றித் தண்ணீர் நிறைந்திருக்க வேண்டும். மோட்டாரை நிறுத்திய பிறகு குழாய்த் தண்ணீர் கிணற்றுக்குத் திரும்பாமல் தடுப்பது ஃபுட்வால்வு. அதில் மணல் சிக்கிக் கசிந்தால் மறுநாள் காலையில் பம்பு ஏர் பிடித்துக்கொள்ளும். குடத்தில் தண்ணீர் ஊற்றிக் குழாயை நிரப்பிய பிறகே வேலை நடக்கும். மணல் பாங்கான ஊர்களில் இது எல்லா வீட்டுக்கும் தெரிந்த தொல்லை.

எல்லாப் பம்பும் இம்பெல்லரை நம்பியதல்ல. சினிமாப் படப்பிடிப்புகளிலும் சுற்றுலாப் பயணங்களிலும் பயன்படும் கேரவன் வண்டியில் மேல்நிலைத் தொட்டி வைக்க இடமில்லை. தண்ணீர்த் தொட்டி பெரும்பாலும் தரைமட்டத்தில்தான் இருக்கும். அங்கே 12 வோல்ட் பேட்டரியில் ஓடும் சிறிய பம்பு ஒன்றில் ரப்பர் சவ்வு முன்னும் பின்னும் அசைந்து, ஒருவழி வால்வுகள் வழியாகத் தண்ணீரைத் தள்ளும். குழாயைத் திறந்தால் அழுத்தம் குறைந்து பம்பு தானே ஓடும். மூடினால் அழுத்தம் ஏறி நின்றுவிடும். நம் வீடுகளில் மொட்டைமாடித் தொட்டியின் உயரம் செய்யும் வேலையை அங்கே அழுத்த ஸ்விட்ச் செய்கிறது. சவ்வுப் பம்பு காற்றையும் தள்ளவல்லது என்பதால் அதற்குக் குடத்துத் தண்ணீர் தேவையில்லை.

எல்லையைத் தாண்டிய பம்புகள்

23 அடி எல்லையை வெல்ல ஒரே வழி, பம்பையோ அதன் வேலையின் ஒரு பகுதியையோ கீழே இறக்குவதுதான். ஜெட் பம்பு, மேலிருந்து கொஞ்சம் தண்ணீரை மற்றொரு குழாய் வழியாகத் திருப்பியனுப்பி, அதன் வேகத்தால் கீழிருக்கும் நீரையும் சேர்த்து ஏற்றுகிறது. கம்ப்ரசர், ஆழ்துளைக்குள் காற்றைச் செலுத்துகிறது; குமிழிகள் கலந்து எடை குறைந்த தண்ணீரைச் சுற்றியுள்ள கனமான நீர் மேலே தள்ளிவிடுகிறது. சப்மெர்சிபிள் பம்பு மோட்டாரோடு நீருக்குள்ளேயே மூழ்கியிருக்கும். அடுக்கடுக்காக வைத்த இம்பெல்லர்கள் ஒவ்வொன்றும் அழுத்தத்தைக் கூட்டுவதால், நூற்றுக்கணக்கான அடி ஆழத்திலிருந்தும் தண்ணீரை ஏற்ற முடியும்.

தேரி மணலும் மிதக்கும் நன்னீரும்

உடன்குடிக்கு அருகே தொடங்கும் தேரிக்காடு, இரும்பு ஆக்சைடு படிந்து சிவந்த மணல் மேடுகளால் ஆனது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பெய்யும் வடகிழக்குப் பருவமழை இந்த மணலில் ஓடையாக ஓடுவதைவிட உள்ளே இறங்குவதே அதிகம். மேலப்புதுக்குடி அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில் சுனையைப் பார்த்தவர்கள், வறண்ட மணல் மேட்டின் நடுவே நீர் எப்படி நிற்கிறது என்று வியந்திருப்பார்கள். திருச்செந்தூரில் அலைகளுக்கு மிக அருகில் நல்ல தண்ணீர் தரும் நாழிக்கிணறும் புகழ்பெற்றது. பனையும் முருங்கையும் தென்னையும் இங்கே நிற்பது மணலுக்குள் தங்கிய மழைநீரால்தான்.

அந்த நன்னீர் கடலோரத்தில் உப்புநீரின் மேல் மிதக்கிறது. நன்னீரின் அடர்த்தியை 1.000 என்று கொண்டால் கடல்நீரின் அடர்த்தி சுமார் 1.025. இந்தச் சிறு வேறுபாடுதான் கணக்கின் அடிப்படை: நிலத்தடி நீர்மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி இருந்தால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி வரை நன்னீர் இருக்கும். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் நெதர்லாந்தின் கைபன், பின்னர் ஜெர்மனியின் ஹெர்ஸ்பெர்க் ஆகிய இருவரும் தனித்தனியே கண்ட இந்த விகிதம் அவர்கள் பெயராலேயே வழங்குகிறது.

இதைத் தலைகீழாகப் படித்தால் ஆபத்து விளங்கும். பம்பு ஓடி நீர்மட்டம் 1 அடி தாழ்ந்தால், காலப்போக்கில் அடியிலுள்ள உப்புநீர் 40 அடி ஏற இடமுண்டு. ஆழ்துளையின் நேர்கீழே அது கூம்பு போல உயர்ந்து வரும். ஆழ்துளை எவ்வளவு ஆழமோ, அந்தக் கூம்பு எட்டுவது அவ்வளவு எளிது. நல்ல தண்ணீர் கெட இதில் பெரிய பங்கு கலக்கவும் வேண்டியதில்லை. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35,000 மில்லிகிராம் உப்பு இருக்கிறது. நூறு குடம் கிணற்றுநீரில் இரண்டு குடம் கடல்நீர் சேர்ந்தாலே லிட்டருக்கு ஏறத்தாழ 700 மில்லிகிராம் உப்பு கூடிவிடும். குடிநீரில் கரைந்த திடப்பொருள்களுக்கு இந்தியத் தர நிர்ணயம் விரும்பத்தக்கதாகச் சொல்லும் அளவே 500 மில்லிகிராம்தான்.

மாடு களைக்கும், மின்சாரம் களைக்காது

கமலையில் இரண்டு மாடுகள் தோல் சாலை இழுத்த காலத்தில், மாடு களைத்தால் இறைப்பும் நிற்கும். இரவில் கிணறு ஊறிக்கொள்ளும். பிறகு வந்த மேட்டுப் பம்பும் நீர்மட்டம் 23 அடிக்குக் கீழே போனால் தானாக ஓய்ந்தது. வளிமண்டலம் விதித்த அந்த எல்லையை நாம் குறையாகவே எண்ணினோம். கடலோரத்தில் அது ஒரு காவலாகவும் இருந்தது என்பது என் கருத்து. சப்மெர்சிபிள் அந்தக் காவலை நீக்கியது.

செலவும் தடுப்பதில்லை. 1,000 லிட்டர் தண்ணீரை 15 மீட்டர் உயர்த்தத் தேவையான ஆற்றல் 0.04 யூனிட் மட்டுமே. மோட்டாரும் பம்பும் சேர்ந்து 30 விழுக்காடு திறனோடு வேலை செய்தாலும் 0.14 யூனிட்டுக்குள் முடிந்துவிடும். விவசாயப் பம்புசெட்டுகளுக்கோ 1990 முதல் தமிழ்நாட்டில் மின்கட்டணமே இல்லை. அது உழவருக்கு இன்றியமையாத உதவி; ஆனால் மோட்டாரை எப்போது நிறுத்துவது என்பதை மின்கட்டணச் சீட்டு சொல்லித்தராது.

எனவே இப்பகுதியில் பம்பு வாங்குபவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி எத்தனை குதிரைத்திறன் என்பதல்ல, கிணறு மணிக்கு எவ்வளவு ஊறுகிறது என்பது. ஊற்றை விட வேகமாக எடுக்கும் பம்பு இங்கே பொருந்தாது. ஒரே ஆழ்துளையில் பெரிய பம்பை வைப்பதைவிட, ஆழம் குறைந்த இரண்டு கிணறுகளில் சிறிய பம்புகளை வைத்து, இடைவெளி விட்டு ஓட்டுவது நல்லது. ஒரே அளவு நீரைப் பல மணி நேரத்தில் மெல்ல எடுத்தால் நீர்மட்டம் குறைவாகவே தாழும். கடைகளில் கிடைக்கும் டிடிஎஸ் மீட்டரைக் கொண்டு, மோட்டார் போட்டவுடன் வரும் நீரையும் இரண்டு மணி நேரம் கழித்து வரும் நீரையும் அளந்து பார்க்கலாம். இரண்டாவது எண் கூடிக்கொண்டே போனால் கூம்பு ஏறுகிறது என்று சந்தேகிக்க வேண்டும். மோட்டாரை நிறுத்தியதும் உப்பு உடனே இறங்கிவிடாது. ஏறிய வேகத்தைவிட மிக மெதுவாகவே இறங்கும், அதற்கும் ஒரு நல்ல மழைக்காலம் வர வேண்டும்.