பகலில் மாணவர், மாலையில் மருத்துவர்

புதுச்சேரியில் பல்வலிக்காரர்கள் மருத்துவரைத் தேடிப் புறப்படுவது பெரும்பாலும் மாலையில்தான். வேலை முடிய வேண்டும், பிள்ளைகள் பள்ளியிலிருந்து திரும்ப வேண்டும். லாஸ்பேட்டை, முத்தியால்பேட்டை, ரெட்டியார்பாளையம் போன்ற இடங்களில் உள்ள சிறு கிளினிக்குகளுக்கு அந்த மூன்று நான்கு மணி நேரம்தான் பிழைப்பு. கூட்டம் சேர்ந்தால் ஒரு மருத்துவரால் சமாளிக்க முடியாது. இன்னொரு கை வேண்டும். அந்த இன்னொரு கை சில சமயம் எம்.டி.எஸ். என்ற பல் மருத்துவ முதுநிலைப் படிப்பில் இருக்கும் ஓர் இளைஞருடையதாக இருக்கும். இது இந்த ஊருக்கு மட்டும் உரியதல்ல. பல் மருத்துவக் கல்லூரி உள்ள எந்த ஊரிலும் துறைக்காரர்கள் அறிந்த விஷயம்தான்.

அவர் போலி மருத்துவர் அல்ல. நான்கு ஆண்டு பி.டி.எஸ்., அதன்மேல் ஓராண்டுப் பயிற்சி முடித்து, மாநிலப் பல் மருத்துவக் கவுன்சிலில் பதிவும் செய்தவர். அந்தப் பதிவின்படி அவர் பல் பிடுங்கலாம், சொத்தையை அடைக்கலாம், ரூட் கேனால் செய்யலாம். ஆனால் நீட் எம்.டி.எஸ். தேர்வு எழுதி முதுநிலையில் சேர்ந்த நாள் முதல் அவர் மூன்று ஆண்டுகளுக்கு முழுநேர மாணவர் ஆகிவிடுகிறார். எம்.டி., எம்.எஸ். படிப்பவர்கள் வெளியே கிளினிக் நடத்தவோ வேலை பார்க்கவோ கூடாது என்று மருத்துவக் கல்வி விதிகள் வெளிப்படையாகவே தடுக்கின்றன. பல் மருத்துவ முதுநிலையும் முழுநேரப் படிப்பாகவே வகுக்கப்பட்டது.

பிறகு ஏன் இந்த மாலை வேலை? வயதோ இருபத்தைந்தைத் தாண்டியிருக்கும். பள்ளியில் கூடப் படித்துப் பொறியாளரானவர் வீட்டுக் கடன் கட்டிக்கொண்டிருப்பார். இவர் கல்விக் கடனையே இன்னும் அடைத்திருக்க மாட்டார். ஸ்டைபண்ட் கல்லூரிக்குக் கல்லூரி மாறுகிறது. வாரம் மூன்று மாலை கிளினிக்கில் நின்றால் வீட்டுக்குப் பணம் அனுப்பலாம். இதைப் பேராசை என்று சொல்வது நியாயமாகாது.

ஆனால் வாய், முக, தாடை அறுவை சிகிச்சைத் துறையில் சேர்ந்தவரின் பகல் எப்படிப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். புதுச்சேரியின் கோரிமேட்டில் 1990இல் தொடங்கிய அரசு மகாத்மா காந்தி பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பிள்ளையார்குப்பத்தில் இந்திரா காந்தி பல் மருத்துவக் கல்லூரி. எங்கே படித்தாலும் இந்தத் துறையின் வேலை கடிகாரத்தைப் பார்த்து வராது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் நள்ளிரவில் ஒரு பைக் சறுக்கினால், உடைந்த தாடையைக் கம்பியால் கட்டி நிறுத்த வேண்டியவர் இவர். புகையிலையால் வந்த வாய்ப் புற்றுநோய், உதட்டுப் பிளவு, எலும்புக்குள் புதைந்த ஞானப்பல் எல்லாம் இவர் கற்க வேண்டியவை. கீழ் ஞானப்பல்லின் வேருக்கு மிக அருகில் ஒரு நரம்பு ஓடுகிறது. கை கொஞ்சம் பிசகினாலும் நோயாளியின் கீழுதடு மாதக்கணக்கில் மரத்துப்போகலாம், சிலருக்கு மீளாமலே போகலாம். முந்தைய இரவு தூங்காதவர் தொடக்கூடிய வேலையல்ல அது.

அமெரிக்காவில் இதே துறையில் ஆறாண்டுப் பயிற்சி ஒன்று உண்டு. பல் மருத்துவர் ஒருவர் அதற்குள்ளேயே எம்.டி. என்ற மருத்துவப் பட்டமும் வாங்குவார். மருத்துவம் படிக்கும் ஆண்டுகளில் கட்டணம் கட்ட வேண்டியிருப்பதால் பலர் பகுதிநேரப் பல் மருத்துவராக வேலை பார்க்கிறார்கள். பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் இந்த நிபுணராக இரண்டு பட்டங்களும் வேண்டும். அமெரிக்காவில் இந்தக் கூடுதல் வேலையை யாரும் மறைப்பதில்லை. 1984இல் நியூயார்க்கில் லிபி சயன் என்ற பதினெட்டு வயதுப் பெண் மருத்துவமனையில் இறந்தபோது, களைத்த பயிற்சி மருத்துவர்களைப் பற்றிப் பெரும் விவாதம் எழுந்தது. 2003 முதல் அமெரிக்கப் பயிற்சி மருத்துவர்களுக்கு வாரம் 80 மணி நேர வரம்பு வந்தது. 2011இல் வெளியில் பார்க்கும் வேலையும் அந்தக் கணக்கில் சேர்ந்தது. இந்தியாவில் மத்திய அரசின் 1992ஆம் ஆண்டு ஆணை வாரம் 48 மணி நேரம் என்கிறது. அது ஏட்டில் இருக்கிறது.

பக்க வருமானத்தைப் பழிக்கப் பல் மருத்துவத் துறைக்கு உரிமையும் இல்லை. 1920இல் கல்கத்தாவில் நாட்டின் முதல் பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கிய ரஃபியுத்தீன் அகமது, அதன் செலவுக்காக 'நியூயார்க் சோடா பவுண்டன்' என்ற குளிர்பானக் கடையை நடத்தியவர்.

ஆகவே மாலை வேலையைவிட, அதை ஒளித்துச் செய்ய வேண்டியிருப்பதுதான் பெரிய ஆபத்து. மறைவில் பிடுங்கிய பல்லுக்கு மறுநாள் வீக்கம் வந்தால் பதில் சொல்ல யாரும் இல்லாமல் போகலாம். கல்லூரி மருத்துவமனைகளிலேயே மாலை நேரப் புறநோயாளிப் பிரிவைத் திறந்து, முதுநிலை மாணவர்களுக்குக் கூலி கொடுத்து, ஆசிரியர் மேற்பார்வையில், மணிக்கணக்கை எழுதிவைத்து வேலை தரலாம். பகலில் கூலி வேலைக்குப் போகிறவர்களுக்கும் அரசுச் சிகிச்சை கிடைக்கும். புதுச்சேரி அளவுள்ள ஊரில் இது எளிதில் செய்யக்கூடியதே.

அதுவரை, நாற்காலியில் சாய்வதற்கு முன் மூன்று கேள்விகளைக் கூச்சமில்லாமல் கேளுங்கள்: உங்கள் பெயர் என்ன, பதிவு எண் என்ன, நாளைக்கு வீங்கினால் யாரைக் கூப்பிட வேண்டும்?