கறுப்புப் பட்டை வெளுத்துவிட்டதா?

புதுக் காரின் கதவுகளுக்கு நடுவே உள்ள கறுப்பு பிளாஸ்டிக் பட்டை பளபளவென்று மின்னும். முகம் பார்க்கலாம்! சில ஆண்டுகள் வெயிலில் நின்றால், அதே பட்டை சாம்பல் பூத்துவிடும். காரை விற்கப் போனால், வாங்க வருகிறவர் அதைக் காட்டியே விலையைக் குறைப்பார்.

எதிரி யார்?

வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர்தான். அது பிளாஸ்டிக்கின் மேற்பரப்பை அரிக்கிறது. இன்னொரு எதிரி காரின் உள்ளேயே இருக்கிறது. அதுதான் காய்ந்த துணி! தூசியோடு துடைத்தால் பட்டை முழுதும் கீறல்.

எண்ணெய் பூசலாமா?

பூசுகிறவர்கள் உண்டு. இரண்டு நாள் மினுக்கு. பிறகு தூசி அப்பிக்கொள்ளும். அனல் காட்டுவது அதைவிட மோசம். அது சொரசொரப்பான பிளாஸ்டிக்குக்குச் செய்யும் வித்தை. பளபளப்பான பட்டை நெளிந்துவிடக்கூடும்.

முதலில் சோப்பு நீரால் கழுவ வேண்டும். சுற்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்ட வேண்டும். பிறகு நிழலில் வைத்து, நயமான பாலிஷை மெத்தென்ற துணியில் தொட்டு மெல்லத் தேய்க்க வேண்டும். ஒரு மூலையில் தேய்த்துப் பார்த்துவிட்டுத் தொடங்குவது நல்லது. மேல்பூச்சு செதில் செதிலாக உரிந்திருந்தால் பாலிஷ் வீண்! பட்டையை மாற்றலாம், அல்லது கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டலாம்.

பாலிஷுக்கு மேல் மெழுகு பூசுவது அவசியம். அதுவும் சில வாரங்களே தாங்கும்; மறுபடி பூச வேண்டும்.